முச்சந்தி கேமராவில் பதிவான மகள், ஊர் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது எப்படி?

நீலகிரியின் சிறிய ஊர் ஒன்றிலிருந்து வந்த கடிதம் இது. எழுதியவர் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கும் பெண். கணவர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்பதால் ஊர்ப் பெயரை விட்டுவிட்டு, சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

அவர் எழுதியதன் சுருக்கம்: போன வருடம் காட்டுமாடு கடைத்தெருவுக்குள் புகுந்து ஒருவரை முட்டியது. அடுத்த மாதமே இரண்டு கடைகளில் பூட்டு உடைந்தது. வியாபாரிகள் சங்கம் பணம் திரட்டி முச்சந்தியில் கம்பம் நட்டு நான்கு கேமரா வைத்தது. அதில் ஒன்று சுழலும் வகை. காவல் நிலையத்தில் ஒரு திரை, சங்க அலுவலகத்தில் ஒரு திரை. எல்லோருக்கும் நிம்மதிதான், இவருக்கும்கூட. இரண்டு வாரத்துக்கு முன் அது போய்விட்டது. கல்லூரியில் படிக்கும் 19 வயது மகள், மழையில் வகுப்புத் தோழன் ஒருவனோடு ஒரே குடையில் நடந்து வரும் காட்சி ஊர் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. மேலிருந்து பார்க்கும் கோணம், ஓரத்தில் தேதியும் நேரமும். கீழே ஒரு வரி: "யார் வீட்டுப் பொண்ணு, பாத்துக்கோங்க." முதலில் பார்த்தவர் கொழுந்தனார். அன்றைக்கே மகளின் போன் பறிக்கப்பட்டது. அதற்குப் பிறகு அவள் கல்லூரிக்குப் போகவில்லை.

சங்கத்தில் போய்க் கேட்டால், "தெருவில் நடந்தால் கேமராவில் விழத்தான் செய்யும், அதில் என்ன ரகசியம்" என்கிறார்கள். அந்தச் சுழலும் கேமரா தன் மாடி ஜன்னலையும் பார்ப்பதாகச் சந்தேகப்படுகிறார். அதன்மேல் சாக்கைப் போட்டு மூடலாமா என்கிறார். ஸ்மார்ட் சிட்டி திட்டம் என்பதால் அரசு உத்தரவு இருக்குமோ, முகத்தை வைத்து ஆதார் வரை எடுத்துவிடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது. குழு அட்மின் மீது புகார் கொடுக்கலாமா என்கிறார். கடைசியில் ஒன்று கேட்கிறார்: "இதற்கு முன்பும் இப்படி நடந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, பழைய பதிவுகளை நான் வாங்கிப் பார்க்க முடியுமா?"

சகோதரி, முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட சிறிய கேமரா அமைப்புகளில் ஹார்டு டிஸ்க் நிரம்பியதும் பழைய பதிவின்மேல் புதியது ஏறிக்கொள்ளும். பல இடங்களில் 15 நாள், 30 நாள்தான் தங்கும். உங்களுக்கு ஏற்கெனவே இரண்டு வாரம் போய்விட்டது. ஆகவே மீதியை அப்புறம் படித்தாலும் பரவாயில்லை. குறிப்பிட்ட தேதி, குறிப்பிட்ட நேரத்துப் பதிவை அழியாமல் தனியே எடுத்து வைக்கும்படி, காவல் நிலைய ஆய்வாளருக்கும் சங்கச் செயலாளருக்கும் இன்றே ஒரு கடிதம் எழுதி, டெலிவரி ஒப்புகையோடு விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்புங்கள். பதிவோடு, அந்த நாட்களில் யார் உள்ளே நுழைந்து பார்த்தார்கள் என்று கருவியே எழுதி வைக்கும் லாக் பட்டியலையும் பாதுகாக்கச் சொல்லுங்கள். உங்கள் வழக்குக்குக் காட்சியைவிட அந்தப் பட்டியல்தான் முக்கியம்.

ஏன் என்று சொல்கிறேன். உங்கள் கோபம் முழுக்கக் கம்பத்தின் மேல் இருக்கிறது. கம்பத்திலிருந்து வாட்ஸ்அப்புக்கு எந்தக் காட்சியும் தானாகப் போகாது. திரைக்கு முன்னால் உட்கார்ந்த ஒருவர், அல்லது அந்தக் கேமராவைத் தன் போனில் ஏற்றி வைத்திருக்கும் ஒருவர் எடுத்து அனுப்பியிருக்க வேண்டும். இந்த இரண்டாவது வழியைப் பலர் யோசிப்பதே இல்லை. இன்றைக்குக் கிடைக்கும் கேமராக்களில் பெரும்பாலானவற்றை ஒரு ஆப் வழியாக எந்தப் போனிலும் பார்க்கலாம். ஒரு கியூஆர் கோடும் பாஸ்வேர்டும் போதும். பொருத்திக் கொடுத்த மெக்கானிக், சங்கச் செயலாளர், அவர் மகன், ரோந்து வரும் காவலர் என்று எத்தனை பேர் போனில் உங்கள் முச்சந்தி ஓடிக்கொண்டிருக்கிறது என்று சங்கத்துக்கே தெரியாமல் இருக்கலாம். எல்லோரும் 'அட்மின்' என்ற ஒரே பெயரில் ஒரே பாஸ்வேர்டில் நுழைந்தால், லாக் பட்டியல் இருந்தும் ஆளைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

உங்களிடம் உள்ள காட்சியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். படத்தில் கோடு கோடாக அலை ஓடினால், திரையைப் போனால் படம் பிடித்திருக்கிறார்கள். அப்படியானால் திரை இருக்கும் அறையில் இருந்தவர். படம் தெளிவாக இருந்து, ஓரத்தில் ஆப்பின் பொத்தான்கள் தெரிந்தால், போனிலேயே பதிவு செய்தது. விசாரணை அதிகாரிக்கு நல்ல தொடக்கம் இது.

பெரிய நகரங்களில் முகத்தை அடையாளம் காண மென்பொருள் வேண்டும். மலையூரில் அதற்குத் தேவையே இல்லை. திரைக்கு முன்னால் இருப்பவருக்கு ஊரில் எல்லா முகமும் தெரியும், அது யார் மகள் என்றும் தெரியும், அவள் அப்பாவின் ஷிப்ட் நேரம்கூடத் தெரியும். கூட்டத்தில் ஒருவராகக் கரைந்துபோகும் வசதி சென்னைக்காரருக்கு உண்டு, உங்கள் மகளுக்கு இல்லை. அதனால் சின்ன ஊருக்கு விதிமுறை எதற்கு என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தெருவில் நடந்தால் ரகசியம் இல்லையா?

சங்கத்தில் சொன்னது பாதிதான் உண்மை. தெருவில் நடப்பவரை நாலு பேர் பார்ப்பார்கள், கேமராவிலும் விழும். அதற்காக அவர் அந்தரங்க உரிமையை வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் போகிறார் என்று பொருளில்லை. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவின் கீழ் அடிப்படை உரிமை என்று சொன்னது. பொது இடத்தில் இருக்கிறார் என்பதாலேயே ஒருவர் அதை இழந்துவிடுவதில்லை, அந்த உரிமை இடத்தோடு அல்ல, ஆளோடு ஒட்டியது என்பதும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. அரசு அதில் கை வைக்க வேண்டுமானால் ஒரு சட்டம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், அந்த நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டக் கூடாது.

காட்டுமாட்டையும் பூட்டு உடைப்பவரையும் கண்டுபிடிக்க வைத்த கேமரா, குடையில் நடந்த இருவரை ஊருக்குக் காட்டியது எந்த நோக்கத்தில் அடங்கும்? சங்கத்தில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். கேமரா வைத்தது தப்பு என்று வாதாடப் போனால் ஊரே உங்களுக்கு எதிராக நிற்கும், பூட்டு உடைந்த கடைக்காரர்கள் முதல் ஆளாக. ஒரு காரணத்துக்காகச் சேர்த்ததை வேறொன்றுக்குப் பயன்படுத்தினார்கள் என்று சொல்லுங்கள். அதை மறுக்க அவர்களுக்கு வழியில்லை.

ஸ்மார்ட் சிட்டி பற்றி: 2015 ஜூனில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் நாட்டில் 100 நகரங்கள், தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, ஈரோடு உள்ளிட்ட 11 நகரங்கள்தான். நீலகிரியிலும் இல்லை, கொடைக்கானலிலும் இல்லை. திட்டக் காலமும் 2025 மார்ச்சோடு முடிந்துவிட்டது. உங்கள் ஊர்க் கேமராவுக்குப் பின்னால் பெரிய அரசாணை இருக்கும் என்று நீங்களாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். குன்னூர் சாலையில் பர்லியாரில் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் பார்க்கிறார்களே, அதற்குச் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவு இருக்கிறது. 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. எதற்காக என்பதும் தெரியும். முச்சந்தியில் இருப்பது வியாபாரிகள் வாங்கிக் கொடுத்து, காவல் நிலையம் பார்த்துக்கொள்ளும் ஒரு பொருள். பெரும்பாலும் எழுத்தில் எதுவுமே இருக்காது. கேமரா யாருடையது, பதிவுக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் சங்கம் காவல் நிலையத்தைக் காட்டும், காவல் நிலையம் சங்கத்தைக் காட்டும்.

ஆதாரைப் பொறுத்தவரை பயம் வேண்டாம். ஆதாரில் உள்ள விரல் ரேகை, கருவிழிப் பதிவுகளை எந்தக் காரணத்துக்காகவும் யாருக்கும் பகிரக் கூடாது என்று ஆதார் சட்டத்தின் 29-ஆம் பிரிவு சொல்கிறது. தெருக் கேமராவை ஆதாரோடு இணைத்து முகம் தேட சட்டத்தில் இடமில்லை. தமிழ்நாடு காவல்துறையிடம் முக அடையாள மென்பொருள் தனியாக உண்டு. அது குற்றப் பதிவேட்டில் உள்ளவர்கள், காணாமல் போனவர்கள் போன்றோரின் படங்களோடு ஒப்பிடுவது. அதுவும் பிழையே செய்யாத கருவி அல்ல: முகம் 80 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போனால் பொருத்தம் என்று எடுத்துக்கொள்வதாக டெல்லி காவல்துறை 2022-இல் ஒரு ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) பதிலில் சொன்னது. 2024 மே மாதம் தமிழ்நாட்டின் அந்த முக அடையாளத் தளத்துக்குள்ளேயே வெளியாள் ஒருவர் நுழைந்தது செய்தியானது. ஒரு பாஸ்வேர்டு களவு போனதுதான் காரணம் என்றார்கள். மாநில அளவில் இருக்கும் தளத்திலேயே அப்படி என்றால், உங்கள் சங்க அலுவலகத்தின் பாஸ்வேர்டு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அனேகமாகச் சுவரில் ஒட்டியிருக்கும்.

எந்தச் சட்டம் கைகொடுக்கும்?

யாரோ உங்களிடம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவில் உடனே கைது செய்யலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அது உடலின் அந்தரங்கப் பகுதிகளைப் படம் பிடிப்பதற்கான பிரிவு. குடையில் நடந்து வந்த காட்சிக்குப் பொருந்தாது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவும் அப்படித்தான், மறைவான செயல்களை ஒளிந்து பார்ப்பதற்கானது. மாடி ஜன்னல் வழியாக உடை மாற்றும் காட்சி எதுவும் பதிவானதாகத் தெரிந்தால் மட்டும் அந்த இரண்டும் வரும்.

உங்கள் விஷயத்துக்குப் பொருந்தக்கூடியது அதே சன்ஹிதாவின் 79-ஆம் பிரிவு. பெண்ணின் மானத்துக்குக் குந்தகம் செய்யும் எண்ணத்தோடு அவள் அந்தரங்கத்தில் தலையிடுவதும் அதில் குற்றம். 3 ஆண்டு வரை வெறுங்காவலும் அபராதமும் உண்டு. எண்ணத்தை நிரூபிக்க வேண்டும் என்பதால், காட்சிக்குக் கீழே எழுதிய அந்த ஒற்றை வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாமல் வெறும் காட்சி மட்டும் வந்திருந்தால் வழக்கு இன்னும் பலவீனமாக இருந்திருக்கும். அனுப்பியவர் கேமராவைப் பராமரிக்கும் ஒப்பந்தக்காரரின் ஆள் என்று தெரிந்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 72ஏ பிரிவும் சேரும்: ஒப்பந்த வேலையின் போது கைக்கு வந்த தனிநபர் தகவலை, கெடுதல் நேரும் என்று தெரிந்தே வெளியிடுவது. காவலர் என்றால் துறை நடவடிக்கைக்கு மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடம் தனி மனு கொடுக்க வேண்டும்.

2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். விதிகள் 2025 நவம்பரில் வந்தன. ஆனால் தரவை வைத்திருப்பவர்களின் முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து, 2027 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வருகின்றன. அப்போதும் குற்றத் தடுப்பு, புலனாய்வு என்று சொல்லிக் காவல்துறை பல கடமைகளிலிருந்து விலக்குப் பெறும். ஆனால் தரவு கசியாமல் பாதுகாக்கும் கடமை அந்த விலக்கில் சேராது. இன்றைக்கு உங்களுக்கு அது ஆயுதம் இல்லை; சங்கத்தில் எடுத்துச் சொல்ல நல்ல காரணம்.

குழு அட்மினை விட்டுவிடுங்கள். உறுப்பினர் போட்டதற்கு அட்மின் என்ற ஒரே காரணத்தால் ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று பம்பாய், கேரள உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. முதலில் போட்டவரையும் எடுத்துக் கொடுத்தவரையும்தான் தேட வேண்டும். கொழுந்தனாரிடம் அந்தச் செய்தியை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். அனுப்பிய எண், நேரம், கீழே உள்ள வரி எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வேறு யாருக்கும் அனுப்ப வேண்டாம், எனக்கும்கூட.

மகளைப் பற்றி

இந்தப் பகுதி உங்களுக்குக் கசக்கலாம். பழைய பதிவுகளைப் பார்க்க வேண்டும் என்று கேட்டீர்களே, அது முடியாது. நீங்கள் கேட்கவும் கூடாது. உங்கள் மகளுக்கு 19 வயது. அவள் எந்த நாள் யாரோடு நடந்தாள் என்று முச்சந்திக் கேமராவில் தேடிப் பார்க்கும் உரிமை சங்கச் செயலாளருக்கு இல்லாதது போலவே உங்களுக்கும் இல்லை. அந்த வரியை எழுதிய ஆள் என்ன விரும்பினாரோ, அதைத்தான் நீங்கள் செய்யப் போகிறீர்கள்: பார்த்துக்கொள்வது. ஒரு மனுவில் பதிவு கசிந்தது குற்றம் என்று எழுதிவிட்டு, அடுத்த மனுவில் எனக்கும் கொடுங்கள் என்று எழுதினால், முதல் மனுவை யார் மதிப்பார்கள்?

புகார் கொடுப்பதும் அவள் முடிவுதான். அவள் பெயரில், அவள் கையெழுத்தில் இருந்தால்தான் வலு. காவல் நிலையம், விசாரணை, ஊர்ப் பேச்சு என்று அது இழுக்கும் என்பதையும் அவளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இப்போதைக்கு வேண்டாம், காட்சியை நீக்கினால் போதும் என்று அவள் சொன்னால், அதுவும் ஒரு வழிதான். சங்கத்தின் மூலம் மன்னிப்பும் நீக்கமும் வாங்கலாம். போனைத் திருப்பிக் கொடுங்கள். நாளைக்கே கல்லூரி பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள். இதுவரை நடந்ததில் சட்டம் தொடாத தண்டனை ஒன்று இருக்கிறது, அதை அனுபவிப்பவள் அவள் மட்டும்தான்.

தோழனின் வீட்டுக்கும் இந்தக் காட்சி போயிருக்கும். அந்தப் பையனும் புகார்தாரராக முடியும் என்பதை நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள்.

இனி செய்ய வேண்டியவை

புகார்: மகள் சம்மதித்தால் காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்கள். பதிவு கசிந்ததே அந்த நிலையத்திலிருந்து என்ற சந்தேகம் இருப்பதால், மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் கொடுப்பது இன்னும் நல்லது. வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், உதவி எண் 15100.

ஆர்டிஐ மனு: 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்பு ஒட்டி, காவல்துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கும் உள்ளாட்சி அலுவலகத்துக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். யாருடைய காட்சியையும் கேட்காதீர்கள். தனிநபர் தகவல் என்று உடனே மறுத்துவிடுவார்கள், மேலே சொன்ன தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2025 நவம்பரில் ஆர்டிஐ சட்டத்தைத் திருத்திய பிறகு அது இன்னும் எளிது. கம்பம் நட அனுமதி தந்த உத்தரவு, சங்கத்துக்கும் காவல்துறைக்கும் இடையே உள்ள எழுத்து ஒப்பந்தம், பதிவு எத்தனை நாள் வைக்கப்படும், பார்க்க அனுமதி பெற்றவர்கள் எந்தப் பதவியில் இருப்பவர்கள், பதிவேடு உண்டா என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். "அப்படி எதுவும் இல்லை" என்று வந்தால் வருத்தப்படாதீர்கள், அந்தப் பதில்தான் உங்களுக்குப் பெரிய ஆதாரம்.

மாடி ஜன்னல்: சாக்குப் போட்டு மூடவோ கல்லால் அடிக்கவோ நினைக்காதீர்கள். பொதுச் சொத்துச் சேதம் என்று வழக்கு உங்கள் மேல் திரும்பும், மகளின் புகாரும் நாறிவிடும். சுழலும் கேமராக்களில் பெரும்பாலானவற்றில், குறிப்பிட்ட இடத்தை நிரந்தரமாகக் கறுப்புக் கட்டமாக மறைக்கும் வசதி உண்டு. மெக்கானிக்குக் கொஞ்ச நேர வேலை. அதைக் கேட்டு எழுதுங்கள். செய்த பிறகு திரையில் நேரில் காட்டச் சொல்லுங்கள். கேமரா வைத்துக்கொள்கிறோம் என்ற பெயரில் பக்கத்து வீட்டுக்குள் எட்டிப் பார்க்க முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023-இல் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது; மனுவில் அதைக் குறிப்பிடலாம்.

பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பாதையில் வனத்துறை கட்டியிருக்கும் தானியங்கிக் கேமராவைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அந்தக் கவலை வீண் அல்ல. உத்தராகண்டின் கார்பெட் புலிகள் காப்பகத்தில் விலங்குக்காக வைத்த கேமராக்கள் விறகு எடுக்கப் போகும் பெண்களைப் படம் பிடித்து, அதில் ஒரு பெண்ணின் படம் வெளியே பரவியதை 2024-இல் வந்த கேம்பிரிட்ஜ் ஆய்வு பதிவு செய்திருக்கிறது. பாட்டுப் பாடிக்கொண்டு போன பெண்கள் கேமராவுக்குக் கூச்சப்பட்டு அமைதியாகிவிட்டார்கள் என்றும், காட்டில் சத்தம் குறைந்தால் புலியோ யானையோ எதிர்பாராமல் எதிரே வரும் ஆபத்து கூடுகிறது என்றும் அந்த ஆய்வு சொல்கிறது. கொழுந்து பறிக்கப் போகும் உங்கள் பக்கத்துப் பெண்களோடு சேர்ந்து வனச்சரக அலுவலகத்தில் கேளுங்கள்: கேமரா எந்தப் பாதையில், மனிதர் படம் விழுந்தால் என்ன செய்கிறார்கள் என்று. தனியாகப் போக வேண்டாம்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் நான்கு விஷயம் எழுத்தில் கேளுங்கள்: எல்லாப் போனிலிருந்தும் ஆப்பை நீக்கிவிட்டு பாஸ்வேர்டை மாற்றுவது; பார்க்கும் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர்; சங்க அலுவலகத் திரையை எடுத்துவிட்டு ஒரே இடத்தில் வைப்பது; பதிவு வேண்டுமென்றால் எழுத்து மனு, பதிவேட்டில் கையெழுத்து. பூட்டு உடைந்த கடைக்காரர்களில் ஒருவரையாவது முன்கூட்டியே உங்கள் பக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் வீட்டிலும் மகள் இருக்கலாம். இதெல்லாம் அடுத்த வாரத்து வேலை. பதிவைப் பாதுகாக்கச் சொல்லும் கடிதம் மட்டும் இன்றைய தபாலில் போக வேண்டும்.